மறுபடி தட்டுப்படும் மார்புக் கட்டிக்கு வேக்குவம் ஊசி: கொடுக்கும் காசுக்குத் தகுமா?

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். ஒருமுறை ஆபரேஷன் முடிந்து, 'சாதாரணக் கட்டிதான்' என்று ரிப்போர்ட்டும் வாங்கி நிம்மதியானவர்களுக்கு, சில மாதமோ சில வருடமோ கழித்து அதே மார்பில் இன்னொன்று தட்டுப்பட்டால், கத்திக்குப் பதில் வேக்குவம் ஊசி (ஸ்கேன் பார்த்தபடி கட்டியை உறிஞ்சி, துண்டு துண்டாக வெட்டி எடுக்கும் தடித்த ஊசி) நல்ல தேர்வுதான். அதற்கு மூன்று நிபந்தனைகள் உண்டு. கட்டி 3 செ.மீ.க்குள் இருக்க வேண்டும். கோர் பயாப்ஸியில் (ஊசியால் திசு இழைகளை எடுத்துப் பார்க்கும் பரிசோதனை) அது ஃபைப்ரோஅடினோமா, அதாவது புற்றல்லாத சாதாரண மார்புக் கட்டி, என்று உறுதியாகியிருக்க வேண்டும். முதல் ஆபரேஷனின் பெதாலஜி ரிப்போர்ட் (எடுத்த கட்டியின் திசுவை லேப்பில் பார்த்து எழுதியது) கையில் இருக்க வேண்டும். மூன்றும் சரியாக இருந்தால் இந்தச் சேவைக்கு 5-க்கு 4 கொடுக்கலாம். ஒன்று குறைந்தாலும் 2-க்கு மேல் கொடுக்க மனம் வராது. மெஷின் எவ்வளவு புதிது, ரிசப்ஷனில் எத்தனை ஏசி என்பதெல்லாம் இந்தக் கணக்கில் வராது.

தமிழ்நாட்டில் இந்த வசதி பெரும்பாலும் சென்னை, கோவை போன்ற பெரிய நகரங்களின் தனியார் மருத்துவமனைகளிலும், மார்பக கிளினிக் என்று தனியாக நடத்தும் இடங்களிலும்தான் இருக்கிறது. விளம்பரத்தில் 'கத்தியின்றி, தையலின்றி, தழும்பின்றி' என்று போடுகிறார்கள். முதல் இரண்டும் ஏறக்குறைய உண்மை. மூன்றாவது, பாதி உண்மை.

திரும்பி வந்தது எது?

'கட்டி திரும்பி வந்துடுச்சு' என்று ஓ.பி.யில் சொல்பவர்களில் பலருக்கு வந்திருப்பது பழைய கட்டியே அல்ல. ஃபைப்ரோஅடினோமா உள்ள பெண்களில் பத்தில் ஒன்றிரண்டு பேருக்கு ஒன்றுக்கு மேல் இருக்கும். முதல் ஆபரேஷனின்போது 6 மி.மீ. அளவில் கையில் படாமல் கிடந்தது இப்போது 15 மி.மீ. ஆகியிருக்கும், அவ்வளவுதான். எடுத்தது 10 மணி நிலையில், இப்போது தட்டுப்படுவது 2 மணி நிலையில் என்றால் இது புதுசு. முதல் டாக்டர் மேல் குறை சொல்ல ஒன்றுமில்லை. (மார்பைக் கடிகார முகமாக வைத்து இடம் சொல்வது எல்லா ரிப்போர்ட்டிலும் உள்ள வழக்கம்.) சிறுநீரக மாற்று சிகிச்சைக்குப் பின் சைக்ளோஸ்போரின் சாப்பிடும் பெண்களுக்கு இப்படி இரண்டு மார்பிலும் கொத்தாக வருவதுண்டு. அவர்கள் மருந்துச் சீட்டை மறக்காமல் காட்ட வேண்டும்.

பழைய தழும்புக்கு நேர் கீழே தட்டுப்பட்டால் கதை வேறு. ஃபைப்ரோஅடினோமாவைச் சுற்றி மெல்லிய உறை போல ஒன்று இருக்கும். சர்ஜன் அதைப் பிடித்துக்கொண்டு கட்டியை முழுதாகத் தோண்டி எடுப்பார். கட்டி உருண்டையாக இல்லாமல் முண்டு முண்டாக இருந்தால் ஒரு முண்டு உள்ளேயே தங்கிவிட வாய்ப்புண்டு. அது மெதுவாக வளரும்.

முதல் மூன்று மாதத்துக்குள் தழும்படியில் வரும் கெட்டிப்பு பெரும்பாலும் கட்டியே இல்லை. ரத்தம் உறைந்து நின்றிருக்கும், அல்லது நீர் கோத்திருக்கும், அல்லது தையல் முடிச்சைச் சுற்றி உடம்பு சதையைக் கெட்டிப்படுத்தியிருக்கும். கொழுப்புத் திசு அடிபட்டு இறந்தால் அதிலிருந்து கசியும் எண்ணெய் ஒரு பையாகச் சேர்ந்து, சுற்றிலும் தழும்பு பிடித்து, கல் மாதிரி ஆகும். தோலைக்கூட உள்ளே இழுக்கும். கையால் தொட்டுப் பார்த்தால் புற்றுநோயிலிருந்து பிரித்துச் சொல்வது அனுபவசாலிக்கே கஷ்டம். ஸ்கேனும், தேவைப்பட்டால் ஊசிப் பரிசோதனையும் செய்து உறுதிப்படுத்திவிட்டால் இதை எடுக்கவே வேண்டியதில்லை. இதற்குப் போய் வேக்குவம் ஊசி போடுவது வீண் செலவு. அந்த ஊசியே இன்னொரு கொழுப்பு நசிவை உண்டாக்கலாம்.

உண்மையில் கவலைப்பட வேண்டியது ஃபைலாய்ட்ஸ் என்ற இன்னொரு கட்டி. அதில் சாதாரணம், இடைநிலை, புற்று என்று மூன்று வகை. தொட்டாலும் ஸ்கேனில் பார்த்தாலும் ஃபைப்ரோஅடினோமா மாதிரியே இருக்கும். 40 வயதை ஒட்டியவர்களிடம் அதிகம் வரும், வேகமாக வளரும், எடுத்த இடத்திலேயே மறுபடி முளைக்கும். சாதாரண வகையே பத்தில் ஒருவருக்குக் கொஞ்சம் குறைவாகத் திரும்பி வருகிறது. இடைநிலை, புற்று வகைகளில் அதைவிட அதிகம். வருவது பெரும்பாலும் முதல் இரண்டு மூன்று வருடத்துக்குள். முதல் ரிப்போர்ட்டில் ஃபைப்ரோஅடினோமா என்று இருந்து, அதே இடத்தில் வேகமாக ஒன்று வளர்ந்தால், முதல் ரிப்போர்ட்டையே சந்தேகப்படுவதுதான் சரியான முதல் வேலை.

வலி, சிவப்பு, சூடு, சீழ் என்று வந்து, கீறி விட்டதும் அடங்கி, மறுபடி வரும் கட்டி இன்னொரு வகை. அது கிரானுலோமா அழற்சியாகவோ நம் ஊரில் காசநோயாகவோ இருக்கலாம். திரும்பத் திரும்பக் கீறினால் ஆறாத புரைதான் மிச்சம். திசு எடுத்து, பெதாலஜிக்கு ஒரு பங்கும் காசநோய்ப் பரிசோதனையான சி.பி.நாட்டுக்கு ஒரு பங்கும் அனுப்ப வேண்டும். வேக்குவம் முறையில் இதைத் துடைத்தெடுப்பதாகச் சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள்.

40 வயதுக்கு மேல் புதிதாக ஒன்று தட்டுப்பட்டால், பழைய ரிப்போர்ட் என்ன சொன்னாலும் அதைப் புதுக் கட்டியாகவே பார்க்க வேண்டும். எந்த வயதிலும் அசையாத கெட்டிக் கட்டி, தோலில் குழி, காம்பிலிருந்து ரத்தம், அக்குளில் நெறி என்று எதைக் கண்டாலும் இந்தக் கட்டுரையை மூடிவிட்டு அந்த வாரமே டாக்டரைப் பார்ப்பது நல்லது.

ஊசிக்கு முன்னால் வாங்க வேண்டிய சேவைகள்

மார்பக ஸ்கேன் என்ற ஒரே பெயரில் இரண்டு வேறு சரக்கு விற்கிறார்கள். வயிற்று ஸ்கேனுக்கு நடுவே ஐந்து நிமிடத்தில் ஒப்பேற்றிவிடுவது ஒன்று. 12 மெகாஹெர்ட்ஸ் அல்லது அதற்கு மேற்பட்ட லீனியர் புரோபை வைத்து, இரண்டு மார்பையும் இரண்டு அக்குளையும் வரிசையாகப் பார்ப்பது இன்னொன்று. எதை வாங்கினோம் என்பது ரிப்போர்ட்டைப் பிரித்தாலே தெரியும். நல்ல ரிப்போர்ட்டில் ஒரு கட்டிக்கு இப்படி ஒரு வரி இருக்கும்: வலது மார்பு, 10 மணி நிலை, காம்பிலிருந்து 4 செ.மீ., 18 × 9 × 14 மி.மீ., நீள்வட்டம், தோலுக்கு இணையாகப் படுத்த நிலை, தெளிவான விளிம்பு, பைரேட்ஸ் 3. 'வலது மார்பில் கட்டி, ஃபைப்ரோஅடினோமாவாக இருக்கலாம்' என்று மட்டும் எழுதியிருந்தால் அதைத் திருப்பிக் கொடுத்து இடமும் அளவும் எழுதித் தரச் சொல்லுங்கள். ஆறு மாதம் கழித்து அந்தத் தாளை வைத்து எதையும் ஒப்பிட முடியாது. திரும்பி வந்த கட்டிக்கு ஒப்பீடுதான் பாதி வைத்தியம்.

பைரேட்ஸ் எண்ணுக்கு (புற்றுச் சந்தேகம் எவ்வளவு என்று ஸ்கேன் ரிப்போர்ட்டில் போடும் எண்) பயப்பட வேண்டாம். அதன் பொருளைத் தெரிந்துகொண்டால் போதும். 3 என்றால் புற்றாக இருக்கும் வாய்ப்பு 2 சதவீதத்துக்கு மேல் இல்லை. 6, 12, 24 மாதங்களில் ஸ்கேன் செய்து பார்த்தால் போதும். 4 என்றால் ஊசிப் பரிசோதனை கட்டாயம். ஆறு மாதத்தில் கட்டியின் நீளம் 20 சதவீதத்துக்கு மேல் கூடினால், 3 என்று இருந்தாலும் ஊசி போட்டுப் பார்ப்பதே முறை. 18 மி.மீ. கட்டி 22 மி.மீ. ஆனால் அந்தக் கோட்டைத் தாண்டிவிட்டது என்று கணக்கு.

ஸ்கேனுக்கு ஏற்ற நாள், பீரியட்ஸ் தொடங்கி ஐந்தாம் நாளிலிருந்து பத்தாம் நாள் வரை. பீரியட்ஸுக்கு முந்தைய வாரத்தில் மார்பே கட்டிகட்டியாகத்தான் இருக்கும். தொட்டுப் பார்த்துப் பதறுகிறவர்களில் பாதிப் பேர் அந்த வாரத்தில் பார்த்தவர்களே.

அடுத்தது ஊசிப் பரிசோதனை. இங்கேதான் காசை மிச்சம் பிடிக்கப் பார்த்து ஏமாறுகிறார்கள். எஃப்.என்.ஏ.சி. (மெல்லிய ஊசியால் செல்களை உறிஞ்சிப் பார்ப்பது) மலிவு, அன்றோ மறுநாளோ ரிப்போர்ட் வந்துவிடும், ஊசியும் மெல்லியது. ஆனால் அதில் வருவது தனித்தனி செல்கள்தான். திசு எப்படி அடுக்கப்பட்டிருக்கிறது என்பது தெரியாது. ஃபைப்ரோஅடினோமாவையும் ஃபைலாய்ட்ஸையும் பிரிப்பதே அந்த அடுக்குதான். முதல் கட்டிக்கு எஃப்.என்.ஏ.சி. போதும் என்று யாராவது சொன்னால்கூட விட்டுவிடலாம். திரும்பி வந்த கட்டிக்கு 14 கேஜ் (கேஜ் எண் குறையக் குறைய ஊசி தடிமனாகும்) கோர் பயாப்ஸிக்குக் குறைந்து எதையும் ஏற்காதீர்கள். ஸ்கேன் பார்த்தபடியே மரத்துப்போக ஊசி போட்டு, நான்கிலிருந்து ஆறு இழைகள் எடுப்பார்கள். ஊசியை உள்ளே பாய்ச்சும் கன்னை விடும்போது ஸ்டேப்ளர் அடித்தது மாதிரி 'டப்' என்று சத்தம் வரும். அதை முன்கூட்டிச் சொல்லாத இடத்தில் பாதிப் பேர் துள்ளிவிடுவார்கள். முடிந்ததும் பத்து நிமிடம் அழுத்திப் பிடிக்க வேண்டும். அதைச் செய்யாமல் பஞ்சை ஒட்டி அனுப்புகிற இடம், மறுநாள் கன்னிப்போன மார்போடு உங்களைத் திரும்ப வரவழைக்கும்.

கோர் ரிப்போர்ட்டில் சில சமயம் 'ஃபைப்ரோஎபிதீலியல் லீஷன்' என்று மட்டும் வரும். ஃபைப்ரோஅடினோமாவா ஃபைலாய்ட்ஸா என்று பெதாலஜிஸ்ட் அடித்துச் சொல்லவில்லை என்று அதற்கு அர்த்தம். அந்தச் சொல்லைப் பார்த்த பிறகு வேக்குவம் பேச்சே எடுக்கக் கூடாது. கட்டியை முழுசாக, ஒரே துண்டாக எடுக்க வேண்டும்.

இனி பழைய ரிப்போர்ட். கட்டியைத் தட்டில் வைத்து வெளியே நிற்கும் சொந்தக்காரர்களுக்குக் காட்டிவிட்டு, பெதாலஜிக்கு அனுப்பாமலே போட்டுவிடும் சின்ன நர்ஸிங் ஹோம்கள் இன்னும் உண்டு. அனுப்பினாலும், கட்டியின் பருமனைப்போல் பத்து மடங்கு 10 சதவீத ஃபார்மலினில் போட வேண்டியதை, கையில் கிடைத்த சலைன் பாட்டிலில் போட்டு இரண்டு நாள் கழித்து அனுப்பினால் திசு அழுகிவிடும். ரிப்போர்ட்டை நம்ப முடியாது. எனவே 'முதல் கட்டி என்ன' என்ற கேள்விக்கு டிஸ்சார்ஜ் சம்மரியில் இருக்கும் ஒற்றை வார்த்தை போதாது. பெதாலஜி நம்பர் போட்ட முழு ரிப்போர்ட் வேண்டும். கட்டியின் திசுவைப் பதித்த மெழுகு பிளாக்கையும் ஸ்லைடையும் லேப்பில் வைத்திருப்பார்கள். எழுதிக் கொடுத்துக் கேட்டால் கிடைக்கும். சந்தேகம் இருந்தால் அவற்றை அடையாறு புற்றுநோய் நிலையம், வேலூர் சி.எம்.சி. போன்ற பெரிய இடத்துப் பெதாலஜிக்கு மறுபார்வைக்குக் கொடுப்பது இன்னொரு ஆபரேஷனைவிட ரொம்ப மலிவு. அந்த ரிப்போர்ட்டில் 'அட்டிப்பியா' (செல்கள் இயல்பு மாறியிருப்பது), 'காம்ப்ளக்ஸ்' (கட்டிக்குள் வேறு மாற்றங்களும் இருப்பது) என்ற சொற்கள் இருக்கின்றனவா என்று கேட்டு வையுங்கள். இருந்தால், கட்டி போனாலும் கண்காணிப்பு தொடர வேண்டும்.

மேசையில் நடப்பது

வேக்குவம் கருவி 1990-களின் நடுவில் பயாப்ஸிக்காக வந்தது. கட்டியையே எடுத்துவிட அதைப் பயன்படுத்தும் பழக்கம் பிறகு பரவியது. மாமோடோம், என்கோர் என்று பல கம்பெனிக் கருவிகள் உண்டு. எல்லாவற்றிலும் வேலை ஒன்றுதான். உள்ளே பொள்ளலான தடித்த ஊசி, அதன் பக்கவாட்டில் ஒரு சன்னல். ஊசியைக் கட்டிக்கு அடியில் செருகி, சன்னலை மேலே பார்க்க வைத்து, மெஷின் உறிஞ்சும்போது திசு சன்னலுக்குள் விழும். உள்ளே சுழலும் கத்தி அதை வெட்டும். வெட்டிய துண்டு குழாய் வழியாக வெளியே உள்ள சின்னக் கூடைக்கு வந்துவிடும். ஊசியை வெளியே எடுக்காமலே சன்னலைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பி, ஸ்கேன் திரையில் கட்டி மறையும்வரை இதைச் செய்வார்கள்.

மல்லாந்து, எடுக்கும் பக்கம் தலையணை வைத்துக் கொஞ்சம் ஒருக்களித்து, கையைத் தலைக்கு மேல் வைத்துப் படுக்க வேண்டும். மரத்துப்போகும் மருந்தைத் தோலில் மட்டும் போட்டுவிட்டு ஆரம்பித்தால் வலிக்கும். தேர்ந்த கை, கட்டிக்கு அடியிலும் மருந்தைச் செலுத்திக் கட்டியைத் தசையிலிருந்து தூக்கிக்கொடுக்கும். கட்டி தோலுக்கு ரொம்ப அருகே இருந்தால் மேலேயும் செலுத்தித் தோலை விலக்கும். தோல் சன்னலுக்குள் சிக்கி ஓட்டை விழுவது இந்த முறையில் நடக்கக்கூடிய அசட்டுத்தனமான விபத்து. தடுக்க இதுதான் வழி. பிறகு தோலில் 4, 5 மி.மீ. வெட்டு. மொத்த வேலையும் முக்கால் மணிக்குள் முடியும். வலி குறைவு, இழுப்பு அதிகம். மெஷின் சத்தம்தான் பலருக்குத் தொந்தரவு.

மரத்துப்போகும் மருந்துக்கு ஒரு வரம்பு உண்டு. அட்ரினலின் கலந்த லிக்னோகேனுக்குக் கிலோவுக்கு 7 மி.கி. உச்சம். 50 கிலோ எடைக்கு 350 மி.கி.; 2 சதவீத மருந்தில் அது 17.5 மி.லி.தான். 'ஒரே சிட்டிங்கில் ரெண்டு பக்கமும் நாலு கட்டி எடுத்துடறோம், பேக்கேஜ்' என்று யாராவது சொன்னால் இந்தக் கணக்கைக் கேளுங்கள். நீர்க்கச் செய்து கொடுப்போம் என்று பதில் வந்தால் அது நியாயமான பதில். முழித்தால் வேறு இடம் பாருங்கள்.

3 செ.மீ. என்ற எல்லை எங்கிருந்து வந்தது என்பதையும் பார்த்துவிடலாம். 11 கேஜ் வேக்குவம் ஊசியில் ஒரு துண்டு சுமார் 100 மி.கி. வரும். 1.5 செ.மீ. உருண்டையின் கன அளவு 1.8 மி.லி.க்குக் கொஞ்சம் கீழே. இருபது துண்டுக்குள் முடிந்துவிடும். விட்டம் இரட்டித்து 3 செ.மீ. ஆனால் கன அளவு எட்டு மடங்காகி 14 மி.லி. ஆகிவிடும், நூற்றுக்கும் மேற்பட்ட துண்டுகள் எடுக்க வேண்டும். நேரம் கூடும், ரத்தம் தேங்கித் திரையை மறைக்கும், ஓரத்தில் துணுக்குகள் தங்கும். 8 அல்லது 7 கேஜ் ஊசி இருந்தால் ஒரு துண்டே இரண்டு மடங்குக்கு மேல் வரும். அதனால் '2 செ.மீ.க்கு மேல் உள்ள கட்டிக்கு எந்த கேஜ் போடுவீர்கள்?' என்பது போனிலேயே கேட்க வேண்டிய கேள்வி.

எங்கே சறுக்குகிறது

முதல் குறை, கட்டி துண்டு துண்டாக வருவது. பெதாலஜிஸ்ட் அது என்ன கட்டி என்று சொல்லலாம். விளிம்பு சுத்தமா என்று சொல்ல முடியாது. ஃபைப்ரோஅடினோமாவுக்கு விளிம்பு தேவையில்லை, ஆகவே குறையில்லை. ஃபைலாய்ட்ஸ் என்று பிறகு தெரிந்தால் நிலைமை மாறும். முன்னெல்லாம் 1 செ.மீ. நல்ல திசுவோடு சேர்த்து எடுப்பதே விதி. சாதாரண வகைக்கு விளிம்பு குறைவு என்பதற்காக மட்டும் உடனே மறுபடி வெட்டாமல் கண்காணிப்பதை இப்போது பலர் ஏற்கிறார்கள். இடைநிலை, புற்று வகைக்கு மறுபடி ஆபரேஷன்தான். கோர் பயாப்ஸியை முன்பே செய்யச் சொல்வது இந்த இரண்டாம் வேலையைத் தவிர்க்கத்தான்.

இரண்டாவது, திரையில் கட்டி மறைந்தது என்பதும் முழுதும் போனது என்பதும் ஒன்றல்ல. ரத்தமும் காற்றுக் குமிழும் சூழ்ந்ததும் படம் கலங்கிவிடும். 2 செ.மீ.க்கு மேல் போகப் போக மிச்சம் தங்குவது கூடும். ஏற்கெனவே ஒருமுறை 'மிச்சம் வைத்துவிட்டார்களோ' என்று நொந்துபோனவர்களிடம் இதை முன்கூட்டிச் சொல்லாமல் விடுவது பெரிய தவறு. சொல்லாத இடங்கள்தான் அதிகம்.

மூன்றாவது, ரத்தக்கட்டு. ரத்தம் உறைவதைத் தடுக்கும் ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல், வார்ஃபரின் சாப்பிடுகிறவர்கள் முன்பே சொல்லிவிட வேண்டும்; தானாக நிறுத்தக் கூடாது, கொடுத்த டாக்டரைக் கேட்டுத்தான் நிறுத்த வேண்டும். பால் கொடுக்கும் காலத்தில் இந்த வேலை வேண்டாம். ஊசி போன வழியே பால் கசிந்து ஆறாமல் இழுக்கும். காம்புக்கு நேர் பின்னால் இருக்கும் கட்டிக்கும், மெல்லிய உடம்பில் தோலுக்கும் தசைக்கும் நடுவே இடமே இல்லாத கட்டிக்கும் இது சரிப்படாது.

தழும்பு பற்றி: 4 மி.மீ. புள்ளிதான், உண்மை. ஆனால் கீலாய்டு (தழும்பு தடித்து வளர்வது) வரும் உடம்பாக இருந்தால் நெஞ்சின் நடுப்பகுதியில் போடும் புள்ளியும் புடைத்துக்கொண்டு நிற்கும். வெளிப்பக்கத்திலோ மார்பின் கீழ் மடிப்பிலோ நுழையச் சொல்லலாம். ஊசி நீளமானது, எட்டும். திறந்த ஆபரேஷனிலும் நல்ல சர்ஜன் கருவளையத்தின் ஓரத்தில் வெட்டி, உள்ளே கரையும் தையல் போட்டால் ஒரு வருடத்தில் தேடிப் பார்க்க வேண்டியிருக்கும். அதனால் 'தழும்பு' ஒன்றுக்காக மட்டும் வேக்குவத்துக்கு ஓட வேண்டாம்.

பில்

செலவில் பெரும்பங்கு ஒருமுறை மட்டுமே போடும் அந்த ஊசிக்குத்தான். அதனால்தான் முக்கால் மணி வேலைக்கு, ஒரு நாள் தங்கிச் செய்யும் ஆபரேஷன் அளவுக்கோ அதற்கு மேலோ பில் வருகிறது. ஐந்தாவது மதிப்பெண்ணை இங்கேதான் பிடித்துக்கொண்டோம். சீல் பிரிக்காத ஊசியை உங்கள் எதிரில் பிரிக்கச் சொல்வது உரிமை. அதில் மரியாதைக் குறைவு ஒன்றுமில்லை. சொன்ன தொகையில் பெதாலஜி சேர்ந்ததா, எடுத்த இடத்தைக் குறிக்க வைக்கும் டைட்டானியம் கிளிப் சேர்ந்ததா, ஆறு மாத ஸ்கேன் சேர்ந்ததா என்று எழுத்தில் கேளுங்கள். பெதாலஜியைத் தனியாகப் போட்டு, 'பழைய ரிப்போர்ட்தான் இருக்கே, வேண்டாம்னா விட்டுடலாம்' என்று சொல்லும் இடத்தில் எதையும் செய்துகொள்ள வேண்டாம்.

காப்பீடு இருந்தால் டே-கேர் (அன்றே வீடு திரும்பும் சிகிச்சை) பட்டியலில் இது வருகிறதா என்று முன் அனுமதி வாங்கிக்கொள்வது புத்திசாலித்தனம். இல்லாவிட்டால், 24 மணி நேரம் தங்கவில்லை என்று பிறகு நிராகரிக்கலாம். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் ஸ்கேன், கோர் பயாப்ஸி, திறந்த ஆபரேஷன் எல்லாம் கிடைக்கும். காத்திருப்பும் கூட்டமும்தான் விலை. 30 வயதைத் தாண்டிய பெண்களுக்கு ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே மார்பைத் தொட்டுப் பரிசோதிக்கிறார்கள், இலவசம். அங்கிருந்து சீட்டு வாங்கிப் போனால் பெரிய ஆஸ்பத்திரியில் அலைச்சல் பாதி குறையும்.

எடுத்த பிறகு

முடிந்ததும் பத்திலிருந்து பதினைந்து நிமிடம் கையால் அழுத்தம், பிறகு ஒட்டுப் பட்டை, அதன் மேல் நெஞ்சைச் சுற்றி இறுக்கமான பேண்டேஜ். அதை ஒரு நாள் கழற்றக் கூடாது. அதற்குப் பிறகு கம்பியில்லாத, முன்பக்கம் ஹூக் வைத்த பருத்தி பிரா, முதல் இரண்டு நாள் இரவிலும் போட்டுக்கொள்ள வேண்டும். வலிக்குப் பாராசிட்டமால் போதும். டைக்ளோஃபெனாக், புரூஃபென் வகையை முதல் இரண்டு நாள் தவிர்த்தால் ரத்தக்கட்டு குறையும். ஒரு வாரத்துக்குத் தண்ணீர்க் குடம், கேன், கிரைண்டர் கல் எதையும் அந்தக் கையால் தூக்க வேண்டாம். பேண்டேஜ் நனைந்தாலோ, சில மணி நேரத்திலேயே மார்பு விம்மிப் பெருத்தாலோ போனில் பேசிக்கொண்டிருக்காமல் நேரே திரும்பிப் போக வேண்டும். நீலம் பச்சையாகி மஞ்சளாகி மார்பின் அடிப்பக்கம் இறங்குவது இரண்டு மூன்று வாரத்து வழக்கம்.

ஒரு வாரம் கழித்துக் கை வைத்தால் எடுத்த இடத்திலேயே ஒரு உருண்டை தட்டுப்படும். இரண்டாம் முறையாக எடுத்துக்கொண்டவருக்கு அந்த நிமிடம் எப்படி இருக்கும் என்று விளக்க வேண்டியதில்லை. அது குழியில் உறைந்த ரத்தம். ஒன்றிரண்டு மாதத்தில் கரையும். அந்தச் சமயத்தில் வேறு சென்டரில் ஸ்கேன் எடுத்தால், ஊசி போட்ட விவரம் தெரியாத ரேடியாலஜிஸ்ட் 'ஒழுங்கற்ற விளிம்பு, பைரேட்ஸ் 4' என்று எழுதிவிடுவார். அப்புறம் ஒரு மாதத் தூக்கம் போகும். எந்த ஸ்கேனுக்குப் போனாலும் எடுத்த தேதி, இடம், கிளிப் விவரம் எழுதிய சீட்டை முதலில் நீட்டுங்கள்.

எடுக்காமலே இருக்கலாமா?

கோர் பயாப்ஸியில் ஃபைப்ரோஅடினோமா என்று உறுதியாகி, வளராமல், வலிக்காமல், 2 செ.மீ.க்குக் கீழே கிடந்தால் விட்டுவைப்பதும் முழுமையான சிகிச்சைதான். நிறையக் கட்டிகள் வருடக்கணக்கில் அப்படியே நிற்கும். மாதவிடாய் நின்ற பிறகு சுருங்கிவிடும். இருபதுகளில் இரண்டு மார்பிலும் நாலைந்து உள்ள பெண்ணுக்கு ஒவ்வொன்றையும் துரத்திக்கொண்டு போனால், நாற்பது வயதில் மேமோகிராமில் தழும்புதான் நிறையத் தெரியும். 'கல்யாணத்துக்கு முன்னாடி எடுத்துடலாம்' என்று வீட்டில் சொல்வதுதான் நம் ஊரில் பாதி ஆபரேஷன்களை நடத்துகிறது. அது மருத்துவக் காரணம் இல்லை. ஆனால் தினம் தொட்டுத் தொட்டுப் பார்த்துத் தூங்காமல் இருப்பவர் 'எனக்கு வேண்டாம், எடுத்துவிடுங்கள்' என்றால் அது போதுமான காரணம்.

மாத்திரைகளில், ஈவினிங் ப்ரிம்ரோஸும் வைட்டமின் ஈயும் கட்டியைக் கரைப்பதில்லை. சென்ட்குரோமேன் வேறு ரகம். லக்னோவின் மத்திய மருந்து ஆராய்ச்சி நிலையம் கண்டுபிடித்தது. கடையில் சஹேலி, அரசு மையங்களில் சாயா என்ற பெயரில் கருத்தடைக்குக் கிடைப்பது. 30 மி.கி. அளவில் மார்பு வலிக்கு நன்றாக வேலை செய்கிறது, சிலருக்குக் கட்டியும் சுருங்குகிறது. பீரியட்ஸ் தள்ளிப்போகும், சினைப்பையில் நீர்க்கட்டி வரலாம், குழந்தைக்கு முயல்பவர்களுக்கு ஆகாது. டாக்டர் சீட்டோடுதான் சாப்பிட வேண்டும். மேலே பூசும் பற்று எதுவும் உள்ளே எட்டாது. தோல் வெந்துபோனால் ஸ்கேன்தான் தள்ளிப்போகும்.

எடுத்தாலும் விட்டாலும் ஆறாம் மாத ஸ்கேனை, முடிந்தவரை அதே சென்டரில், பீரியட்ஸ் முடிந்த அதே வாரத்தில், பழைய படங்களை எடுத்துக்கொண்டு போய்ச் செய்யுங்கள். கர்ப்பம் தரிக்கத் திட்டமிருந்தால் அதற்கு முன் ஒரு ஸ்கேன் எடுத்து அளவைக் குறித்து வைத்துக்கொள்வது நல்லது. கர்ப்பத்தில் ஃபைப்ரோஅடினோமா பெருக்கும், சில சமயம் உள்ளே ரத்த ஓட்டம் நின்று திடீரென்று வலிக்கும். முன் அளவு கையில் இல்லாவிட்டால் எவ்வளவு வளர்ந்தது என்று யாராலும் சொல்ல முடியாமல், வயிற்றில் குழந்தையோடு ஊசிப் பரிசோதனைக்குப் படுக்க வேண்டி வரும்.